குடியிருப்போரின் கூட்டு வழக்கு

மதுரைக்கு மேற்கே வைகையின் தென்கரையிலுள்ள கோச்சடை, ஐயனார் கோயிலால் பெயர் பெற்ற ஊர். நெல் விளைந்த நன்செய்கள் சூழ்ந்திருந்த அவ்வூர் இன்று மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கிவிட்டது. வயல்கள் மனைகளாயின, மனைகளில் மாடிவீடுகள் எழுந்தன. முன்பு நிலத்திற்கு வாரம் அளந்தோர் இருந்த இடத்தில் இப்போது வீட்டிற்கு வாடகை கொடுப்போர் இருக்கின்றனர். உடையவருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள தகராறு மட்டும் தொடர்ந்து வருகிறது.

பத்துக் குடும்பங்கள் வசிக்கும் கட்டிடத்தில் பத்துக் குடும்பங்களுக்கும் குறை ஒன்றாகவே இருக்கும். முன்பணம் திரும்பாது, தண்ணீருக்கும் மின்சாரத்திற்கும் கேட்டதே கணக்கு. ஆயினும் பத்துப் பேரும் தனித்தனியாகவே வீட்டுக்காரரின் வாசலில் போய் நிற்பர். எதிர்த்துப் பேசியவர் அடுத்த மாதம் வேறு வீடு தேடுவார். மற்ற ஒன்பது பேரும் வாய் திறவார். இது கோழைத்தனம் அன்று. தனியே நிற்பவன் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது இயல்பேயாம்.

நிலத்துக் குடிகள் இதை முன்னரே உணர்ந்தனர். தஞ்சை ஜில்லாவில் பி. சீனிவாச ராவ் போன்றோர் குடிவாரதார்களையும் பண்ணையாட்களையும் சங்கமாகத் திரட்டினர். அந்தக் கிளர்ச்சிக்குப் பின்னரே 1952-ல் தஞ்சைக் குடிவாரதார், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விளைவில் ஐந்தில் இரண்டு பங்கு குடிவாரதாருக்கு உரியதாயிற்று. 1955-ல் சாகுபடிக் குடிகளைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும், 1956-ல் நன்செய்க்குரிய நியாய வாரம் விளைவில் நூற்றுக்கு 40 என வரையறுத்த சட்டமும் வந்தன. மதுரைச் சீமையின் குத்தகைதாரர்களும் அவற்றால் பயனடைந்தனர். தனியொருவர் எழுதிய மனுவுக்கு இரங்கி எந்தச் சர்க்காரும் இவற்றைத் தந்துவிடவில்லை.

பிற தேசத்தாரின் அனுபவமும் இதுவே. ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் 1915-ல், யுத்தத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்ததைப் பயன்படுத்தி வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். மேரி பார்பர் போன்ற பெண்மணிகள் தெருத் தெருவாகக் குடியிருப்போரை ஒன்றுசேர்த்து, உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தனர். நவம்பர் 17-ஆம் தேதி கோர்ட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் 18 பேர். அவர்களோடு ஆயிரக்கணக்கானோர் கோர்ட்டு வாசலில் திரண்டுவிட்டனர். வழக்கு கைவிடப்பட்டது; வருஷம் முடியுமுன் வாடகையை யுத்தத்திற்கு முந்திய அளவில் நிறுத்தும் சட்டம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேறிற்று.

ஊர்வலத்திற்கு மட்டுமன்றி, சேர்ந்து பிராது கொடுப்பதற்கும் நம் நாட்டில் வழி உண்டு. 1908-ஆம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் முதல் ஆர்டர் 8-ஆம் விதியே அது. ஒரே நலன் கொண்டோர் பலர் இருப்பின், கோர்ட்டின் அனுமதியோடு அவர்களில் ஒருவரோ சிலரோ அனைவருக்குமாக வழக்காடலாம். மற்றவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆட்கள் மிகப் பலராயின் பத்திரிகை விளம்பரமே போதும். இவ்விதியில் நம் தொண்டர்கள் கருத்தூன்ற வேண்டிய பகுதி ஒன்றுண்டு. கூட்டாகப் புறப்பட்ட பல முயற்சிகள் எப்படி அழிந்தன? முன்னின்றவரை எதிர்க்கட்சி தனியே அழைத்து ஏதோ கொடுத்துச் சரிக்கட்டிவிடும். இந்தத் தந்திரத்தைச் சட்டம் நன்றாக அறிந்திருக்கிறது. எல்லோருக்கும் நோட்டீஸ் போகாமல் வாதி வழக்கை வாபஸ் பெறவோ ராஜி செய்துகொள்ளவோ முடியாது. அவர் அக்கறையின்றி இழுத்தடித்தால் அவரை நீக்கி, அதே நலனுள்ள வேறொருவரைக் கோர்ட்டு நியமிக்கலாம்.

வழக்கின் காரணம் ஆளுக்கு ஆள் வேறன்றோ என்று எதிர்வாதம் எழுவதுண்டு. 1976-ஆம் வருஷத் திருத்தம் அதற்கு விடை கூறிவிட்டது. நலன் ஒன்றாயிருந்தால் போதும், வழக்குக் காரணமும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. சென்னை அசோக் நகரில் வீட்டு வசதி வாரியத்திடம் வீடு பெற்ற குறைந்த வருமானத்தார், வாரியம் பின்னாளில் கேட்ட அதிகத் தொகையை எதிர்த்து இவ்வழியில் வழக்காடினர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நோட்டீஸ் அனுப்பினோம், ஆகையால் ஒரே வழக்குச் செல்லாது என்றது வாரியம். சுப்ரீம் கோர்ட்டு 1990-ல் அந்த ஆட்சேபத்தை ஏற்க மறுத்தது. அவர்கள் வீட்டை வாங்கியவர்கள், வாடகைக்காரர் அல்லர்; எனினும் அத்தீர்ப்பின் நியாயம் இவர்களுக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து.

ஓர் எச்சரிக்கை. தீர்ப்பு அனைவரையும் கட்டுப்படுத்தும். தோற்றால் எல்லோரும் தோற்றவரே. ஆகவே வக்கீலைத் தேடுமுன் ரசீதுகளைத் தேடுவது உத்தமம்.

குறை ஒன்றும் இருக்கிறது. 2017-ல் இயற்றப்பெற்று 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வற்புறுத்துகிறது. வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தலாகாது என்கிறது. நல்ல விதிகளே. ஆனால் ஒரு வீட்டுக்காரரையும் ஒரு வாடகைதாரரையுமே அது எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறது. வாடகைத் தகராறுகள் சிவில் கோர்ட்டை விட்டு வாடகை நீதிமன்றத்திற்குப் போய்விட்டபடியால், 8-ஆம் விதியின் பலம் அங்கே தானாக வந்து சேர்வதில்லை. ஒரு கட்டிடத்தார் கூடிக் கொடுக்கும் மனுவை ஏற்கும் விதியை அச்சட்டத்தில் சேர்க்கும்படி சட்டசபை உறுப்பினர்களை நாம் கேட்க வேண்டும். அதுவரை, கோச்சடையிலோ வேறெங்கோ ஒரே கட்டிடத்தில் உள்ளவர்கள் தத்தம் மனுக்களை ஒரே நாளில் தாக்கல் செய்து, எல்லாவற்றையும் சேர்த்து விசாரிக்கும்படி கோரலாம்.