கடலின் கண்

பெற்றோரும் பிள்ளைகளும் காலை முதல் மாலை வரை ஒருவரையொருவர் பிரியாதிருக்கும் நாள் நம் இல்லங்களில் ஆண்டுக்கு எத்தனை? பள்ளியும் தனிப்பயிற்சியும் கைப்பேசியும் ஒரே கூரையின் கீழ் வாழ்வோரையே பிரித்து வைக்கும் இக்காலத்தில், போலந்து நாட்டுக் குடும்பங்கள் போற்றிவரும் நல்வழக்கம் ஒன்றை வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

அந்நாட்டின் தென் எல்லையில் தாத்ரா மலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் மடியில், 1,395 மீட்டர் உயரத்தில், மொர்ஸ்கியே ஓக்கோ என்னும் ஏரி உள்ளது. 'கடலின் கண்' என்பது அதன் பொருள். நிலத்தடியே அது கடலோடு இணைந்துள்ளதென்று முன்னோர் நம்பினர். உண்மையில், பனியாறு குடைந்த பள்ளத்தில் தேங்கிய நீரே அது. பரப்பு ஏறத்தாழ 35 ஹெக்டேர். ஆழம் 50 மீட்டருக்குச் சற்று மேல்.

பார்வையாளரின் வாகனங்கள் பலெனித்சா என்னுமிடத்திலேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஏரி வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவு. 400 மீட்டர் ஏற்றம். பெரியோர் இரண்டரை மணி நேரத்தில் கடக்கும் வழிதான். ஆனால் குடும்பமாகச் செல்வோருக்குக் கணக்கே வேறு. அங்கே கடைக்குட்டியின் கால்களே கடிகாரம்! வழியிலுள்ள அருவியருகே அமர்ந்து ரொட்டியைப் பகிர்ந்துண்டு, களைத்த பிள்ளையைத் தந்தை தோளில் சுமந்து, அவர்கள் மெல்ல ஏறுகின்றனர்.

இம்மலைகளை உயிரென நேசித்தவர் ஒருவரை நாம் நன்கறிவோம். 1946-இல் குருப்பட்டம் பெற்ற கரோல் வோய்த்திவா, இளைஞரையும் இளந்தம்பதியரையும் மலைகளுக்கு அழைத்துச் செல்வார். குருக்கள் இளைஞர் குழுக்களை நடத்துவதை அன்றைய அரசு தடுத்திருந்தமையால், அவர் சாதாரண உடையில் செல்வார். உடன் சென்றோர் 'வூயெக்', அதாவது தாய்மாமன், என்றே அவரை அழைத்தனர். அவரே 1978-இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஆனார். 1997 ஜூனில், தமது 77-ஆம் வயதில், இவ்வேரிக்கரைக்கு அவர் மீண்டும் வந்தார்.

ஆயினும் மலை அழகு மட்டுமன்று. 2019 ஆகஸ்டு 22 அன்று, இதே தாத்ராவின் கியேவோந்து சிகரத்தில் திடீரென மின்னல் தாக்கிற்று. அன்றைய இடிமழையில் போலந்துப் பகுதியில் நால்வர் மாண்டனர். அவர்களில் இருவர் சிறுவர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கோடையில் காலை வெயில் நிலத்தைச் சூடேற்ற, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமுகிலாகத் திரள்வது மலைகளின் இயல்பு.

ஆகவே, அன்புப் பெற்றோரே, எம்மலைக்குச் சென்றாலும் விடியலில் புறப்படுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வழுக்காத காலணி, கம்பளி, மழையங்கி, தேவைக்கு மேல் குடிநீர் ஆகியவற்றை மறவாதீர். இடியோசை கேட்டால் சிகரத்தையும் தனிமரத்தையும் விட்டகன்று தாழ்வான இடம் நோக்கி இறங்குங்கள்.

மொர்ஸ்கியே ஓக்கோவுக்கு மேலே, 1,583 மீட்டர் உயரத்தில், 'கருங்குளம்' எனப் பொருள்படும் மற்றோர் ஏரி உண்டு. கற்படிகள் வழியே ஒரு மணி நேர ஏற்றம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே!" என்று பிள்ளைகள் கெஞ்சுவர். வானம் கறுத்திருந்தால், "இன்று போதும், ஏரி எங்கும் போய்விடாது" என்று சொல்லித் திரும்பும் தந்தை தோற்றவரல்லர். ஆசைக்கு எல்லை உண்டென்பதை ஆயிரம் அறிவுரைகளைவிட அழுத்தமாய் அவர் அன்று கற்பித்துவிடுகிறார். ஏறும் துணிவைப் பிள்ளைகள் தாமே பெறுவர். திரும்பும் துணிவையோ நம்மிடமிருந்தே கற்கவேண்டும்.