கோடியக்கரை: காட்டைக் காத்த சிறு கட்டிடங்கள்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டிப் போனால், வயல் முடிந்து மணல் தொடங்குகிறது. மணல்மேட்டில் ஒரு காடு. காட்டுக்குள் ஓட்டுக் கூரையும் தாழ்வாரமுமாகச் சில வனத்துறைக் கட்டிடங்கள். அதற்கு அப்பால் கடல். காவிரிப் பாசனப் பகுதி முடிகிற கோடி இதுதான். வங்கக் கடலோரமாகத் தெற்கு நோக்கி வரும் கரை இங்கே மேற்காகத் திரும்புகிறது. அந்த முனையில் இருப்பதால் ஊருக்குக் கோடியக்கரை என்று பெயர்.

மேட்டூர்த் தண்ணீர் கடைசியாக எட்டும் பகுதி இது. பல ஆண்டுகளில் எட்டாத பகுதியும் இதுதான். ஆனாலும் இந்த மணலில் சில அடி தோண்டினால் குடிக்கும்படியான தண்ணீர் கிடைக்கிறது. இரு பக்கமும் கடல், ஒரு பக்கம் உப்புச் சதுப்பு. நடுவில் நல்ல தண்ணீர் நிற்பதற்கு இந்தக் காடும் ஒரு காரணம். காடு இன்றும் நிற்பதற்கு அந்தச் சிறு கட்டிடங்களில் இருந்து வேலை பார்த்தவர்கள் காரணம்.

துணையில்லாத இடம்

இந்த இடத்தின் தனிமை பழையது. இங்குள்ள குழகர் கோயில் பாடல் பெற்ற தலம். சுந்தரர் இங்கு வந்தபோது, கடற்காற்று வீசும் கரையில், காட்டின் நடுவே இறைவன் துணையின்றி இருப்பதைக் கண்டு வருந்திப் பாடினார். 1950களில் கல்கி தமது ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் கோடிக்கரையின் சதுப்பையும் புதைகுழியையும் கலங்கரை விளக்கத்தையும் எழுதிய பிறகு, பார்க்காதவர்களுக்கும் இந்த ஊர் தெரிந்துவிட்டது.

இங்கே முதலில் எழுந்த அரசுக் கட்டிடங்கள் காட்டுக்காக எழுந்தவை அல்ல, கப்பலுக்காக எழுந்தவை. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கலங்கரை விளக்கம் ஒன்று கடலோரத்தில் சிதைந்த நிலையில் நின்றது. ஆங்கிலேயர் வேறொரு விளக்கைக் கட்டினார்கள். பிற்பாடு கோடியக்காட்டில் அதைவிட உயரமான விளக்கு வந்தது. சோழர் காலத்து விளக்கின் மிச்சத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி இடித்துத் தள்ளியது. செங்கல் குவியல்தான் மிஞ்சியது.

ஒருகாலத்தில் மீட்டர் கேஜ் ரயில் கோடியக்கரை வரை வந்தது. உப்பும் கருவாடும் போக, விறகும் இந்தக் கரையின் சரக்காக இருந்தது. மரத்துக்கு விலை வந்த இடத்தில் காட்டுக்குக் காவலும் தேவைப்பட்டது.

சத்திரத்துக்குச் சோறு போட்ட காடு

டெல்டாவின் கடலோரக் காட்டுக்கு அலுவலகம் என்று ஒன்று முதலில் இருந்தது சத்திரத்தில்தான். கோடியக்கரைக்கு மேற்கே உள்ள முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, ஒருகாலத்தில் சத்திர நிர்வாகத்தின் கீழ் இருந்தது. காட்டின் வருமானம் ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடச் செலவானது. இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அதைப் போன்ற சத்திரங்கள் ராமேஸ்வரம் சாலை நெடுக இருந்தன. அவற்றின் அடுப்பு எரிந்ததற்குக் காட்டுக்கும் பங்கு உண்டு.

1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. அதன் பிறகு கடலோரக் காடுகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடுகள் ஆயின. முத்துப்பேட்டைக் காடு 1937இல் வனத்துறையின் கைக்கு முழுமையாக வந்தது.

காவல் வந்ததும் வெட்டு நின்றுவிடவில்லை. முத்துப்பேட்டையில் காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்து வரும் என்பது கணக்கு. அது வரவில்லை. நிழல் போனதும் சேறு காய்ந்து தரை அமுங்கியது. பள்ளத்தில் கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது. வடிகால் கெட்ட வயலில் நாற்று கருகுவது எதனாலோ, அதனாலேயே அங்கு அலையாத்தி முளைக்கவில்லை. 1970களின் தொடக்கம் வரை இந்த வெட்டு நடந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடலேற்றத்தில் தண்ணீர் புகுந்து இறங்க வழி செய்தார்கள். உப்பு கழுவப்பட்டது, கன்று பிடித்தது. காட்டை மீட்டது வடிகால்தான்.

ஓய்வில்லமும் காவலும்

கோடியக்கரைக் காடு அலையாத்தி வகை அல்ல. இது உலர் பசுமைமாறாக் காடு. பாலை, நாவல், வேம்பு, காசான் என்று மழை குறைந்த மணலிலும் இலை உதிராமல் நிற்கும் மரங்கள். கோடையில் வேதாரண்யம் பக்கம் விற்பனைக்கு வரும் பாலைப்பழம் இந்தக் காட்டுப் பாலையின் பழம்தான். காட்டை அடுத்த புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன.

1960களில் பறவை அறிஞர் சலீம் அலி இந்தக் கரையின் அருமையை எடுத்துச் சொன்னார். 1967இல் இது வனவிலங்குச் சரணாலயம் ஆனது. வெளிமானைக் காப்பது முதல் நோக்கம். அப்போது இது தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே தங்கிப் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, திரும்பப் பறக்கவிட்டு வருகிறார்கள். கைக்குள் அடங்கும் கொசு உள்ளான் சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகிறது. பூநாரைகள் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வருபவை. 2002இல் கோடியக்கரையும் அதை அடுத்த சதுப்பும் முத்துப்பேட்டையும் சேர்ந்து, 38,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இத்தனை பெருமையும் சேர்ந்த இடத்தில் வனத்துறைக்கு உள்ள கட்டிடங்கள் எளியவை. வனச்சரக அலுவலகம், காவலர் குடியிருப்பு, காவல் கோபுரங்கள், தம்புசாமி இல்லம், பூநாரை இல்லம் என்ற ஓய்வில்லங்கள். இந்தக் கரையில் வீடு கட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. பக்கத்தில் கருங்கல் கிடையாது. செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் பனைமர வாரையும் நாட்டு ஓடும்தான் பழைய வழக்கம். வெள்ளம் ஏறாமல் இருக்கத் திண்ணையை உயர்த்துவார்கள். புயல் பிடிக்காமல் இருக்கக் கூரையைத் தாழ்த்துவார்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், மரத்தைத் தின்ன நாளாகும். இப்போது கான்கிரீட் வந்துவிட்டது. அதற்குள்ளும் உப்பு புகுந்து கம்பியை அரிப்பதைக் கடலோரத்தில் வீடு கட்டிய எவரும் அறிவார்.

இங்கே வேலை பார்க்கும் வனவருக்கும் வனக்காப்பாளருக்கும் ஓய்வு குறைவு. கோடையில் மானுக்குக் குட்டையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீப்பிடிக்காமல் காவல் காக்க வேண்டும். ஐப்பசியில் பறவை இறங்கியதும் கண்ணி வைப்போரைத் தடுக்க வேண்டும். காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் மானின் புல்லையும் தண்ணீரையும் பங்கு போடுகின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி சீமைக்கருவேல். அதன் நெற்று இனிப்பு. ஆடு, மாடு, மான், குதிரை எல்லாம் தின்று, சாணத்தோடு விதையைப் புல்வெளி முழுக்க விதைத்துவிடுகின்றன. ஒரு பக்கம் பிடுங்கினால் மறுபக்கம் முளைக்கிறது.

காட்டுக்குள் மாடு விடக்கூடாது, விறகு எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது சுற்றுவட்டார மக்களுக்கு அது இழப்புதான். தலைமுறையாக மேய்த்த இடம், பொறுக்கிய விறகு. அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் காடு அவர்களுக்கு என்ன தருகிறது என்பதைப் புயல் வந்தபோது எல்லோரும் பார்த்தார்கள்.

கஜா வந்த இரவு

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மாவும் பலாவும் முறிந்தன. கோடியக்கரைக் காட்டில் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. வெளிமான்களும் பறவைகளும் செத்துக் கிடந்தன. கூரைகள் பறந்தன.

அதன் பிறகு ஒன்றைக் கவனிக்க முடிந்தது. சாய்ந்த தென்னை எழவில்லை. புதுக் கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. காட்டிலோ முறிந்த மரங்களின் அடியிலிருந்து துளிர் கிளம்பியது. மணலில் பிறந்த மரங்களுக்கு முறிவது புதிதல்ல. விழுந்தாலும் அவற்றின் வேர் மணலைப் பிடித்தே இருந்தது.

காட்டுக்கும் கிணற்றுக்கும் என்ன உறவு?

மணல்மேட்டில் பெய்யும் மழை ஓடுவதில்லை, உள்ளே இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகவே அது கீழே உள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் தெரியும். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவிடும்.

மணல்மேடு இருந்தால்தான் மழைநீர் மேடாக நிற்கும். மரம் இருந்தால்தான் மேடு காற்றில் கரையாமல் நிற்கும். மேட்டை வெட்டி மணல் விற்றால், விற்கப்படுவது தண்ணீர்த் தொட்டி. வேதாரண்யம் வட்டாரத்தின் மல்லிகையும் மாவும் புகையிலையும் சவுக்கும் அந்தத் தொட்டியை நம்பித்தான் இருக்கின்றன.

கடலோர விவசாயிகள் வழக்கமாகக் கேட்பவை

கேள்வி: கோடையில் கிணறு வற்றுகிறது. ஆழப்படுத்தலாமா? போர் இறக்கலாமா?

பதில்: கடலோர மணல் பகுதியில் வேண்டாம். ஆழம் போகப் போக உப்பை நெருங்குகிறோம். ஆழத்தைவிட அகலத்தைக் கூட்டுங்கள். மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாமல், சிறிது நேரம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறையுங்கள். ஆண்டுக்கு இருமுறை, மழை முடிந்ததும் கோடை நடுவிலும், தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். உப்பின் அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் இறைப்பைக் குறைக்க வேண்டும். பண்ணைக் குட்டை வெட்டி மழைநீரைத் தேக்குவது கிணற்றையும் காப்பாற்றும்.

கேள்வி: கடல்நீர் புகுந்த வயலுக்கு ஜிப்சம் போடலாமா?

பதில்: முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. மின்கடத்துத் திறன் 4க்கு மேல் இருந்து, கார அமிலத்தன்மை 8.5க்குக் கீழே இருந்தால் அது உவர். அதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடித்து, மறுபடி தேக்க வேண்டும். கார அமிலத்தன்மை 8.5க்கு மேல் போய், சோடியம் மிகுந்திருந்தால் அது களர். ஜிப்சம் அதற்குத்தான். இரண்டிலும் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது பலன் தரும். நாகை கடலோரத்தின் பழைய ரகமான குழியடிச்சான் உவரைத் தாங்கும். திருச்சி 1, கோ 43 ரகங்களையும் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: சீமைக்கருவேலை எத்தனை முறை வெட்டினாலும் துளிர்க்கிறதே?

பதில்: தரைக்கு மேல் வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். மழை பெய்து மண் இளகியபின் வேர்க்கழுத்தோடு தோண்டி எடுங்கள். நெற்று பழுக்கும் முன் வேலையை முடியுங்கள். எடுத்த இடத்தைச் சும்மா விடாமல் வேம்பு, புங்கன், நாவல் என்று ஏதாவது வையுங்கள். வெற்றிடம் இருந்தால் அது திரும்பி வரும்.

கேள்வி: மானும் பன்றியும் பயிரை மேய்கின்றன. என்ன செய்வது?

பதில்: மின்வேலியில் நேரடி மின்சாரம் கொடுப்பது குற்றம், ஆளையும் கொல்லும். சேதத்தைப் படம் எடுத்து, உடனே வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அலுவலரிடமும் தெரிவியுங்கள். அவர்கள் பார்வையிட்டுச் சேதத்தை உறுதிசெய்தால் நிவாரணத்துக்கு வழி உண்டு. சேதம் கண்ட பயிரை அவர்கள் பார்க்கும் முன் அழித்துவிடாதீர்கள்.

கார்த்திகை, மார்கழியில் கோடியக்கரை போகிறவர்கள் பூநாரையைப் பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். திரும்பும் வழியில் அந்த ஓட்டுக் கட்டிடங்களையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். சத்திரக் கணக்கரும் வனச்சரகரும் இரவுக் காவலரும் மாறி மாறிக் காத்த காடு, ஊர்க் கிணற்றில் தண்ணீராக நிற்கிறது. அடுத்த புயல் எந்த ஆண்டு என்று எவராலும் சொல்ல முடியாது. வீட்டு ஓரத்து மணல்மேட்டை வெட்டாமல் விடுவது மட்டும் அவரவர் கையில் இருக்கிறது.