கருங்குளத்தா

கிட்டங்கித் தெரு நாட்கள் – 9

போன வாரம் தாத்தாவின் கிட்டங்கியோடு நிறுத்தியிருந்தேன். வெங்காய மூட்டை, மிளகாய் நெடி, கொழும்புக்குப் போகும் தோணி, மாலத்தீவிலிருந்து வந்திறங்கும் மாசிக் கருவாடு என்று தூத்துக்குடியிலேயே எட்டு வாரம் ஓடிவிட்டது. இந்த வாரம் தாமிரபரணி ஆற்றங்கரைக்குப் போகாமல் முடியாது. எங்கள் வம்சாவளித் தாளில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்பக்கூடிய ஒரே ஆள் அத்தைதான். வயது 84. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கத்தி.

"தாத்தாவோட ஆச்சி பேரு என்ன அத்தை?"

"எந்தத் தாத்தால?"

"ஒங்க அப்பாதான். அவுக அப்பாவைப் பெத்தவுக."

அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தார். "கருங்குளத்தா."

"அது ஊருல்லா? பேரு?"

"பேரைச் சொல்லி யாருல கூப்பிட்டா? மாமியாளும் கருங்குளத்தாம்பா, ஊரும் கருங்குளத்தாம்பா. செத்த பொறவும் கருங்குளத்தாதான்."

கருங்குளத்துக்கும் எங்கள் பூர்வீக ஊரான ஆதிச்சநல்லூருக்கும் நடக்கிற தூரம்தான். அந்த நடையில் ஒரு பெண்ணின் பெயர் கீழே விழுந்துவிட்டது, யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ஆண்கள் பக்கம் இந்தத் தொல்லையே இல்லை. பாட்டன் பெயர் பேரனுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் தாளில் ஆண்கள் வரிசை ஆறு தலைமுறை ஏறுகிறது. மொத்தமே இரண்டு பெயர்கள்தான், இடது கால் வலது கால் மாதிரி மாறி மாறி வருகின்றன. மேலே யார் இருந்திருப்பார் என்று ஊகித்தே எழுதிவிடலாம். பெண்களுக்கு அந்த வசதி கிடையாது. கல்யாணமானால் தலைப்பெழுத்து போகும். அந்தக் காலத்தில் பெயரே போயிற்று.

தூத்துக்குடியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. அவர்கள் பரதவக் கத்தோலிக்கர்கள். 1530-களில் முத்துக்குளித்துறை மக்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றபோது பெர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாடு என்று போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களும் கரையேறின. போர்த்துக்கீசியரை விரட்டி 1658-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். குடும்பப் பெயர்கள் மட்டும் அசையவில்லை. அந்த வீட்டு நண்பன் ஒருமுறை கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எழுதி வந்த தாளைக் காட்டினான். குழந்தை பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தாய் பெயர். ஒரு பக்கத்தில் இரண்டு பெண்கள்! இன்றைய பனிமய மாதா கோயில் 1713-ல் எழுந்தது. எனக்கு அந்தக் கட்டடத்தைவிட, உள்ளே பூட்டி வைத்திருக்கும் ஏடுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

எங்களுக்கு ஏடு கிடையாது, சாஸ்தாதான் உண்டு. நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த ஊருக்குப் பிழைக்கப் போயிருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று அவரவர் குடும்பத்துச் சாஸ்தா கோயிலுக்கு வந்து பொங்கல் வைப்பார்கள். நாங்கள் வருடம் தவறாமல் போனதால்தான் ஆற்றங்கரையில் எங்களுக்கு ஒரு பூர்வீகம் இருப்பதே என் தலைமுறைக்குத் தெரிந்தது. அங்கே பொங்கல் பானைக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத பெரியவர்களிடம் கேட்டுத்தான் என் தாளில் பாதி நிரம்பியது. ஆனால் சாஸ்தாவும் தகப்பன் வழிதான். அங்கேயும் கருங்குளத்தா, கருங்குளத்தாதான்.

அடுத்தது பத்திரம். தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. மடிப்பெல்லாம் விட்டுப்போய் நான்கு துண்டாகக் கிடந்ததைத் தரையில் பரப்பி, மண்டியிட்டுப் படித்தேன். எழுதிக் கொடுத்தவர் தாத்தாவின் அப்பா. அவருடைய தகப்பனார் பெயர் இருந்தது. தாயார் பெயர் இல்லை, பத்திரத்துக்கு அது தேவையும் இல்லை. நிலத்துக்கு நான்கு எல்லை சொல்லுமிடத்தில் மட்டும் பத்திர எழுத்தர் என்னை நிறுத்திவிட்டார். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே பாதை, தெற்கே பரம்பு.

எங்கள் நிலத்துக்குத் தெற்கெல்லை, முதுமக்கள் தாழிகள் புதைந்து கிடக்கும் அந்தப் பரம்பு. 114 ஏக்கர் சரளை மேடு.

சிறுவயதில் லீவுக்கு ஊருக்கு வந்தால் பரம்புக்குப் போகக்கூடாது என்பது உத்தரவு. போவோம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சரளைக்கு நடுவே தாழிகளின் வாய்விளிம்பு வட்ட வட்டமாகத் தெரியும். பெருவிரல் கனத்துக்கு ஓடுகள் கிடக்கும். உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக வழவழவென்று இருந்த ஒரு சில்லை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆச்சி பார்த்துவிட்டார். "செத்தவுக சாமானை வீட்டுக்குள்ள கொண்டாரப்படாதுல" என்று திருப்பிப் போட்டுவரச் சொல்லி, வந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றினார். இரவில் கதையும் சொன்னார். அந்தக் காலத்து மனுசருக்கு சாவே வராதாம், வயதாக ஆகச் சுருங்கிக் குழந்தை போல ஆகிவிடுவார்களாம், அவர்களைத் தாழிக்குள் உட்கார்த்தி, சோறு தண்ணீர் வைத்து இறக்கிவிடுவார்களாம். மதமதக்கத் தாழி என்பார் ஆச்சி.

பெர்லினிலிருந்து யாகோர் வந்து இந்தப் பரம்பைத் தோண்டியது 1876-ல். கிடைத்ததில் நிறைய பெர்லினுக்குப் போயிற்று. தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் அதே வருடம். எங்கள் வீட்டுப் பேச்சில் அந்த வருடத்துக்கு வேறு பெயர்: தாது வருசம். பஞ்சம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கருங்குளத்தா அப்போது இளம்பெண். பரம்பை ஒட்டிய நிலத்தில் வேலை செய்தவள், துரை ஆள் வைத்துத் தாழி எடுத்ததைப் பார்த்திருக்க மாட்டாளா? பார்த்திருப்பாள் என்பது என் ஆசை. சாட்சி கிடையாது.

பிறகு 1899 முதல் சில வருடங்கள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலச் சாமான்கள், இரும்பு வாள், வேல் என்று ஆயிரக்கணக்கில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு 1915-ல் பட்டியலாக அச்சிட்டார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். 2004-ல் சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வில் எடுத்த மாதிரிகளுக்குக் கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் கணித்திருப்பதாக 2019-ல் நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஒரு துருப்பிடித்த கத்திக்கு எண் உண்டு. மூவாயிரம் வருடத்து ஓட்டுக்கு வயது உண்டு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின மனுசிக்குப் பெயர் இல்லை. மேடைதோறும் 'நம் மூதாதையர்' என்று முழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தாழிக்குள் இருப்பவர் யாருடைய மூதாதை என்று எனக்குத் தெரியாது. கருங்குளத்தா என்னுடையவள் என்று தெரியும்.

2023 ஆகஸ்ட் 5-ல் பரம்பில் தளத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். தூத்துக்குடியில் அன்று பனிமய மாதா திருவிழா. சில மாதம் கழித்து அத்தையைக் கூட்டிப் போனேன். குழிக்கு மேலே கனத்த கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதில் நடந்து கீழே தாழிகளைப் பார்க்கலாம். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டார். கழற்ற வேண்டாம் என்று அங்கிருந்த பையன் சொன்னது காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருந்தாரா தெரியவில்லை. கண்ணாடியில் கால் வைக்காமல் ஓரமாகவே ஒரு சுற்று வந்தார்.

திரும்பும்போது காரில் தண்ணீர் கேட்டார். வாங்கிய பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம வீட்டுக் குழாய்ல வந்தது இந்த ஆத்துத் தண்ணிதாம்ல" என்றார். வாஸ்தவம். குரூஸ் பர்னாந்து நகரசபைத் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணியைக் குழாயில் கொண்டுவரும்வரை தூத்துக்குடிக்கு நல்ல தண்ணீர் பெரும்பாடு. தெருவில் குழாய் வந்ததும் தாத்தா முதல் சொம்பைக் குடித்துவிட்டு, "எங்க ஊர் எதிர்க்கரைத் தண்ணி" என்று கிட்டங்கியில் எல்லாரிடமும் சொன்னாராம். இதை அத்தை எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். தாத்தா தன் ஆச்சியைப் பற்றி என்ன சொன்னார் என்று அந்த நூறு முறையில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

கருங்குளத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தாது வருசத்தை ஒட்டி உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை ஆதிச்சநல்லூரில், பரம்பை ஒட்டி நிலம் வைத்திருந்த குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்ததாக உங்கள் வீட்டில் பேச்சு இருந்தால், பிறந்த வீட்டில் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு, இந்த இதழின் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். அத்தைக்கு 84 ஆகிறது.

(தொடரும்)