அலமாரியில் துப்பாக்கி, ஆபீசில் வேலை! சுவிட்சர்லாந்தின் விசித்திரப் பட்டாளம்

ஞாயிற்றுக்கிழமை மாலை வேளையில் சுவிட்சர்லாந்தின் எந்த ரயில் நிலையத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். ராணுவ உடை அணிந்த வாலிபர்கள் பிளாட்பாரத்தில் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். முதுகில் மூட்டை. தோளில் துப்பாக்கி. பக்கத்திலே ஒரு பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பாள். துப்பாக்கியைக் கண்டு அவள் திடுக்கிடமாட்டாள். தலை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள்!

அந்த வாலிபர்கள் யுத்தத்துக்குப் போகவில்லை. சனி, ஞாயிறு லீவு முடிந்து பயிற்சி முகாமுக்குத் திரும்புகிறார்கள். ஒருவன் பாங்கிக் குமாஸ்தா. ஒருவன் தச்சன். இன்னொருவன் பால் பண்ணைக்காரரின் மகன். முகாம் முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். துப்பாக்கியும் அவர்களோடு வீட்டுக்குப் போகும்!

மக்கள் தொகை சுமார் 90 லட்சம். கடல் கிடையாது. சுற்றிலும் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா, பொடி நாடான லீக்டன்ஸ்டைன். கடைசியாக இந்த நாட்டில் நடந்த யுத்தம் 1847-ல். அதுவும் அந்நியரோடு அல்ல, தங்களுக்குள்ளேயே! கத்தோலிக்க மாநிலங்கள் ஏழு தனிக் கூட்டணி அமைத்தபோது மூண்ட அந்தச் சண்டை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. மாண்டவர்கள் சுமார் 100 பேர். வெற்றி பெற்ற ஜெனரல் டுபோர், காயம்பட்ட எதிரிகளையும் கவனிக்கும்படி தன் துருப்புகளுக்கு உத்தரவிட்டவர். பிற்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

போரே காணாத அந்த நாடு இன்றும் 1 லட்சம் பேர் கொண்ட ராணுவத்தை வைத்திருக்கிறது. ஏன்? அந்தக் கேள்வியைச் சுவிஸ் மக்களே பல முறை கேட்டுவிட்டார்கள். ஓட்டுப் போட்டும் பதில் சொல்லிவிட்டார்கள்.

கூலிக்குப் போர் செய்தவர்கள்

சுவிஸ்காரர்கள் ஒரு காலத்தில் பிறருக்காகச் சண்டை போட்டே பிழைத்தவர்கள். மலை நாட்டில் விளைச்சல் குறைவு, பிள்ளைகளோ அதிகம். ஆகவே பிரான்ஸ் மன்னருக்கும் மற்ற அரசர்களுக்கும் கூலிப்படையாகப் போனார்கள். போப்பாண்டவரின் சுவிஸ் காவல் படை 1506-ல் ஏற்பட்டது. இன்றும் வாடிகனில் நிற்கிறது.

இந்தக் கூலிப்படைகளில் ஒன்று நம் பக்கமும் வந்தது. நியூஷாடெல் நகரத்தைச் சேர்ந்த டி மியூரான் என்ற பிரபு 1781-ல் ஒரு ரெஜிமெண்டைத் திரட்டி டச்சுக் கம்பெனிக்குக் கொடுத்தார். அது இலங்கையில் காவல் இருந்தது. 1795-ல் பிரிட்டிஷார் படையெடுத்தபோது அவர்கள் பேரம் பேசி அந்த ரெஜிமெண்டையே தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்! நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1799-ல், திப்பு சுல்தானுடைய ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையை முற்றுகையிட்ட படைகளில் இந்தச் சுவிஸ் ரெஜிமெண்டும் இருந்தது.

அந்தப் பிழைப்பை 19-ம் நூற்றாண்டில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இனிச் சண்டை என்று வந்தால் சொந்த மண்ணுக்காக மட்டும்தான் என்பது முடிவாயிற்று. அதற்கும் நிரந்தரப் பட்டாளம் வேண்டாம். பிரஜைகளே படை என்று வைத்துக்கொண்டார்கள். இன்றைய அரசியல் சட்டத்திலும் இது எழுதப்பட்டிருக்கிறது. ராணுவத்தையே தொழிலாகக் கொண்டு மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் மிகச் சிலர்: பயிற்சி கொடுப்போர், விமானிகள், மேலதிகாரிகள். மற்ற எல்லோரும் வேறு தொழில் உள்ளவர்கள்.

245 நாள் சிப்பாய்

18 வயது ஆனதும் ஒவ்வொரு சுவிஸ் ஆண்மகனுக்கும் அழைப்பு வரும். பெண்கள் விரும்பினால் சேரலாம்; கட்டாயம் இல்லை. முதலில் 18 வாரப் பயிற்சிப் பள்ளி. பிறகு மூன்று மூன்று வாரமாக ஆறு முகாம்கள். கணக்குப் பார்த்தால் சாதாரணச் சிப்பாயின் சேவை மொத்தம் 245 நாள். அந்த நாட்களில் அவனுடைய வருமானத்தில் 80 சதவீதத்தை ஒரு பொது இன்ஷூரன்ஸ் நிதி ஈடு செய்கிறது. ஆகவே குடும்பம் பட்டினி கிடப்பதில்லை. முதலாளிக்குத்தான் ஆள் இல்லாமல் திண்டாட்டம்!

உடல் தகுதி இல்லாதவரும் சும்மா இருக்க முடியாது. சிவில் பாதுகாப்புப் படையில் வேலை செய்யவேண்டும். எந்தச் சேவையும் செய்யாதவர் வருமானத்தில் 3 சதவீதம் வரி கட்டவேண்டும். ஆயுதம் தொட மாட்டேன் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர்களை முன்பெல்லாம் சிறையில் போட்டார்கள். 1992-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அந்தக் கொடுமையை மாற்றினார்கள். 1996 முதல் அப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் பணி செய்யலாம். ஆனால் ஒன்றரை மடங்கு நாட்கள்!

இந்த ராணுவத்துக்குச் சமாதான காலத்தில் ஜெனரலே கிடையாது என்றால் நம்புவீர்களா? பெரும்படை திரட்டப்படும் ஆபத்து வந்தால்தான் பார்லிமெண்ட் கூடி ஒருவரை ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கும். மற்ற காலத்தில் அதற்கு ஒரு படி கீழான பதவிக்காரரே தலைமை வகிப்பார். 1848-க்குப் பின் ஜெனரல் பட்டம் பெற்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அவர்களில் கடைசியானவர் ஹென்றி கீசான். 1939 ஆகஸ்டு 30-ந் தேதி பார்லிமெண்ட் அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு நாளில் உலக யுத்தம் மூண்டது. அடுத்த ஆண்டு பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்ததும், சுவிட்சர்லாந்து நான்கு பக்கமும் வளைக்கப்பட்டது. சரணடைந்துவிடலாமா என்ற பேச்சு நாட்டில் எழுந்தது. 1940 ஜூலை 25-ந் தேதி கீசான் தன் தளபதிகளைக் கப்பலில் ஏற்றி ஏரிக்கரையில் உள்ள ரூட்லி புல்வெளிக்கு அழைத்துப் போனார். சுவிஸ் நாடு பிறந்த இடம் என்று மக்கள் போற்றும் மண் அது. எதிர்த்து நிற்போம் என்று அங்கே சொன்னார்.

அவருடைய திட்டம் கடுமையானது. பெரும்படை ஆல்ப்ஸ் மலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சுரங்கங்களையும் கணவாய்களையும் காக்கும், அவசியமானால் தகர்க்கும். சமவெளி? அங்கேதான் நகரங்கள், ஆலைகள், ஜனங்கள் எல்லாம். எதிரி வந்தால் சிப்பாய் மலையில் இருப்பான்; அவன் மனைவி மக்கள் கீழே இருப்பார்கள். இதை அறிந்தே அந்தச் சிப்பாய்கள் மலை ஏறினார்கள். ஹிட்லர் கடைசிவரை படையெடுக்கவில்லை. அதற்குக் கோட்டைகள் காரணமா, ஜெர்மனியோடு நடந்த வியாபாரமும் பாங்கித் தங்கமும் காரணமா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டையும் ஒதுக்க முடியாது.

ஜன்னல் வரைந்த கோட்டை

அந்தக் காலத்துக் கோட்டைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஜெனீவா ஏரிக்கு அருகே கிளாண்ட் என்ற ஊரில் ரோஜா நிறத்தில் ஓர் அழகான பங்களா இருக்கிறது. திரைச்சீலை போட்ட ஜன்னல்கள். ஆனால் ஜன்னல்கள் சித்திரம், சுவர் கனத்த காங்கிரீட், உள்ளே பீரங்கி! பாறை போல் சாயம் பூசிய கதவுகள் பல மலைகளில் இருந்தன. 1963-ல் வந்த சட்டத்தால் ஒவ்வொருவருக்கும் பதுங்கு அறையில் இடம் வேண்டும் என்று ஆயிற்று. இன்று ஜனத்தொகை முழுவதற்கும் போதுமான இடம் நிலத்தடியில் தயார்.

தளவாடங்களிலும் விசித்திரங்களுக்குக் குறைவில்லை. சைக்கிள் படை 1891-ல் தொடங்கி 2003 வரை இருந்தது. 1905-ம் ஆண்டு மாடல் இரும்பு சைக்கிள், கியர் இல்லாமல், 20 கிலோவுக்கு மேல் எடையோடு, கிட்டத்தட்ட 90 ஆண்டு ஓடியது! மலைப்பாதையில் சுமை தூக்க இன்றும் குதிரைகள் உண்டு. கடலே இல்லாத நாட்டு ராணுவம் எல்லை ஏரிகளில் ரோந்துப் படகும் விடுகிறது. உலகப் புகழ் பெற்ற சிவப்புப் பேனாக்கத்தி மட்டும் ராணுவம் கொடுத்தது அல்ல. அது அதிகாரிகள் காசு கொடுத்து வாங்கியது. சிப்பாய்க்குக் கிடைத்த கத்தி வேறு. தக்கைத் திருகிகூட அதில் இல்லை.

கனரக ஆயுதங்களில் முக்கியமானது ஜெர்மன் லெப்பர்ட்-2 டாங்கி. 1987 முதல் 380 டாங்கிகள் வந்தன. இப்போது பழுது பார்த்துப் பயன்படுத்துபவை 134. காலாட்படைக்கு சுவீடனின் சி.வி.-90 கவச வண்டிகள், சொந்த நாட்டிலேயே வடிவமைத்த பிரான்யா சக்கரக் கவச வண்டிகள், அமெரிக்காவின் எம்-109 பீரங்கிகள். படைகள் மூன்று இயந்திரப் பிரிகேடுகளாகவும் நான்கு பிராந்திய டிவிஷன்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. 1960-களில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த படை, 1995, 2004, 2018 ஆகிய ஆண்டுகளின் சீர்திருத்தங்களில் படிப்படியாகச் சுருங்கியது.

ஆகாயத்தில் ஆபீஸ் நேரம்

2014 பிப்ரவரி 17-ந் தேதி விடியற்காலையில் எத்தியோப்பிய விமானம் ஒன்று ஜெனீவாவில் வந்து இறங்கியது. அதைக் கடத்தியவர் அதன் துணை விமானியே! ஆயுதம் தாங்கிய விமானங்கள் இருபுறமும் பறந்து வந்தன. ஆனால் அவை பிரெஞ்சு, இத்தாலிய விமானங்கள். சுவிஸ் விமானங்கள் எங்கே? அவற்றின் காவல் வேலை காலை 8 மணிக்குத்தான் ஆரம்பம்! உலகமே சிரித்தது.

அப்போதும் மக்கள் அசையவில்லை. அதே ஆண்டு மே 18-ந் தேதி 22 கிரிப்பென் போர் விமானங்கள் வாங்கும் திட்டம் ஓட்டுக்கு வந்தது. 53.4 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டம் செத்தது. 24 மணி நேரக் காவல் 2020 கடைசியில்தான் வந்தது. அதே 2020-ல் புதிய விமானங்களுக்கு 600 கோடி பிராங்க் செலவிடலாமா என்று மறுபடி ஓட்டு. இந்த முறை திட்டம் தப்பியது. வித்தியாசம் 9,000 ஓட்டுகள்கூட இல்லை! அதன் பேரில் 36 அமெரிக்க எப்-35 விமானங்களுக்கு 2022-ல் ஒப்பந்தம் ஆயிற்று. விலை மாறாது என்று அரசாங்கம் மக்களிடம் சொல்லியிருந்தது. 2025-ல் அமெரிக்கா அப்படி ஒன்றும் இல்லை என்றது. ஓட்டுப் போட்டவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

ராணுவமே வேண்டாம் என்றும் இரண்டு முறை ஓட்டு நடந்திருக்கிறது. 1989 நவம்பர் 26-ந் தேதி 35.6 சதவீதம் பேர் கலைத்துவிடு என்றார்கள். தோற்றது தீர்மானம்தான், ஆனால் மூன்றில் ஒருவர் அப்படி நினைக்கிறார் என்பது தளபதிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுத் துப்பாக்கியும் ஓட்டுக்கு வந்தது. முன்பெல்லாம் துப்பாக்கியோடு சீல் வைத்த டப்பாவில் தோட்டாக்களும் வீட்டுக்குப் போகும். போர் என்றால் டப்பாவை உடைத்துச் சுட்டுக்கொண்டே படைக்கு ஓடி வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்தத் துப்பாக்கிகள் குடும்பச் சண்டைகளிலும் தற்கொலைகளிலும் வெடித்தன. 2007 முதல் தோட்டா கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். துப்பாக்கியையும் ஆயுதக் கிடங்கில் வைக்கவேண்டும் என்ற தீர்மானம் 2011-ல் வந்தது. 56.3 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். அலமாரியில் அது நீடிக்கிறது.

போர் காணாத இந்த ராணுவத்தின் மிகப் பெரிய பாரம் ஒரு மலைக்குள் இருக்கிறது. காண்டர் பள்ளத்தாக்கில் மித்ஹோல்ஸ் என்ற சிறு கிராமம். யுத்தத்தின்போது அதன் அருகே பாறையைக் குடைந்து 7,000 டன் குண்டுகளையும் தோட்டாக்களையும் வைத்தார்கள். யுத்தம் முடிந்தது, 1947 டிசம்பர் 19-ந் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு கிடங்கு வெடித்தது. ரயில் நிலையமும் வீடுகளும் நொறுங்கின. ஒன்பது பேர் மாண்டார்கள். வெடித்தது சுமார் 3,000 டன். மீதியில் பெரும் பகுதி இடிபாடுகளுக்குள் கிடந்தது. அபாயம் இல்லை என்று சொல்லப்பட்டது. ஜனங்கள் திரும்பி வந்து வீடு கட்டினார்கள். பிள்ளை குட்டி பெற்றார்கள். எழுபது ஆண்டுகள் கழிந்து, 2018-ல், மறுபடி வெடிக்கும் அபாயம் முன்பு நினைத்ததைவிட அதிகம் என்று நிபுணர்கள் கண்டார்கள்.

மலையைத் திறந்து ஒவ்வொரு குண்டாக எடுக்க முடிவாயிற்று. 2023-ல் பார்லிமெண்ட் அதற்கென 259 கோடி பிராங்க் ஒதுக்கியது. வேலை நடக்கும்போது அருகில் யாரும் குடியிருக்க முடியாது. 2030-ம் ஆண்டு வாக்கில் பலர் வெளியேற வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் திரும்ப முடியாது. சிலர் முன்பே வீட்டை விற்றுப் போய்விட்டார்கள். வயதானவர்களின் கவலை வேறு: வேலை முடிந்து ஊர் திறக்கும்போது திரும்பி வருவதற்குத் தாங்கள் உயிரோடு இருக்க வேண்டுமே!