உத்திரமேரூர் டு ஹெல்சிங்கி... விசா வேண்டாம்!

காஞ்சிபுரம் மாவட்டத்து இளைஞன் ஒருவனை நிறுத்தி, "ஃபின்லாந்து தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியாம என்ன சார்... நோக்கியா!" என்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அந்த ஆலை ஆரம்பித்தபோது, சுத்துப்பட்டு கிராமத்துப் பையன்களும் பெண்களும் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. அத்தோடு ஃபின்லாந்துக்கும் நமக்கும் இருந்த உறவு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அதைவிட வேடிக்கை, அந்த நோக்கியா ரிங்டோன். ஃபின்லாந்து சங்கீதம் என்று நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதுவும் ஃபின்லாந்துடையது இல்லையாம்! தாரெகா என்ற ஸ்பெயின்காரர் 1902-ல் கிடாருக்கு எழுதிய மெட்டிலிருந்து எடுத்த துண்டு.

'அப்படின்னா அந்த ஊர்ல நிஜமா என்னதான்யா இருக்கு?' என்ற குடைச்சலில்தான் என் பயணம் ஆரம்பித்தது. பெட்டி, படுக்கை எதுவும் கிடையாது. ஆபீஸ் முடிந்து உத்திரமேரூர் வந்து, சாப்பிட்டு, மொட்டை மாடியில் பாயை விரித்தால் பயணம் ஆரம்பம். கையில் போன், காதில் ஹெட்போன்.

முதல் ஆச்சரியம், அவர்களுடைய தேசிய காவியமான 'கலேவலா' முழுசாகத் தமிழில் இருக்கிறது! சுருக்கம் இல்லை சாமி... 50 பாடல்கள், 22,795 வரிகள். தமிழில் தந்தவர், ஃபின்லாந்தில் போய் வாழ்ந்த இலங்கைத் தமிழ் எழுத்தாளர் ஆர். சிவலிங்கம். 'உதயணன்' என்ற பெயரில் எழுதியவர். 1994-ல் புத்தகம் வந்தது. பிறகு உரைநடையிலும் எழுதினார். மதுரைத் திட்டத்தில் இரண்டும் இலவசம்.

அதற்கு அறிமுகம் எழுதிய பேராசிரியர் அஸ்கோ பார்ப்பொலாவை உங்களுக்கே தெரிந்திருக்கும். சிந்துவெளி எழுத்துக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழி, அங்கே உள்ள மீன் குறி வானத்து மீனையும் குறிக்கும் என்று வாதாடியவர். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டில் விருது வாங்கினாரே... அவரேதான்!

கலேவலாவில் 'சம்போ' என்று ஒரு மாய இயந்திரம் வருகிறது. இல்மரினன் என்ற கொல்லன் செய்தது. ஒரு பக்கம் மாவு கொட்டும், ஒரு பக்கம் உப்பு, இன்னொரு பக்கம் பணம்! (மாசக் கடைசியில் இந்த இடத்தைப் படிக்காதீர்கள். தூக்கம் வராது.) அதற்காக இரண்டு கூட்டம் அடித்துக்கொள்ள, சம்போ உடைந்து கடலில் விழுகிறது. ஆனால் சில துண்டுகள் கரை ஒதுங்குகின்றன. அதை வைத்தே ஊர் பிழைக்கிறது.

படித்துக்கொண்டே இருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷம் இங்கே சம்பளம் அரைத்துக் கொட்டிய ஆலை நின்று போச்சு. 2019-ல் அதே ஆலையை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. அதுவும் ஃபின்லாந்தில் பிறந்த கம்பெனி. இதுவும் கரை ஒதுங்கிய துண்டுதானே!

இன்னொரு கட்டம் இருக்கிறது. லெம்மின்கைனன் என்ற மைனர், பெண் கேட்டுப் போன இடத்தில் வெட்டுப்பட்டு, மரண ஆற்றில் துண்டு துண்டாக எறியப்படுகிறான். வீட்டில் அவன் விட்டுப்போன சீப்பில் ரத்தம் கசிகிறது. அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. கொல்லனிடம் ஒரு பெரிய வாரி செய்து வாங்கி, ஆற்றை வாரி வாரி மகனைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறாள். உயிர் கொடுக்கும் மருந்துக்காகத் தேனீயை வானத்துக்கு அனுப்புகிறாள். பிழைத்து எழுந்தவன், ரொம்ப நாள் தூங்கிட்டேன் போல என்கிறான்! தறுதலைப் பிள்ளையையும் விட்டுக்கொடுக்காத அம்மா எல்லா ஊரிலும் இருக்கிறாள்.

அந்த மரண ஆற்றில் நீந்தும் அன்னத்துக்கு சிபேலியஸ் இசை அமைத்திருக்கிறார். பத்து நிமிஷ சமாச்சாரம். அதில் அழுகிற வாத்தியம் நம் நாதஸ்வரம் மாதிரியே சீவாளி வைத்து ஊதுவது. இருட்டில் கேளுங்கள். கல்யாண மேளம் ஞாபகத்துக்கு வராது, அதற்கு நான் உத்தரவாதம்!

சினிமாவுக்கு அகி கவுரிஸ்மாகி. இவர் படத்து ஹீரோக்கள் பஞ்ச் டயலாக் பேச மாட்டார்கள். டயலாக் பேசினாலே பெரிசு! 2023-ல் கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கிய 'ஃபாலன் லீவ்ஸ்' பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்யும் பெண், குடிப்பழக்கம் உள்ள ஒரு தொழிலாளி. அவள் நம்பர் எழுதிக்கொடுத்த சீட்டு காற்றில் பறந்துவிடுகிறது. காதலே கேள்விக்குறி! 81 நிமிஷம்தான். நம் ஊரில் இடைவேளை விடுகிற நேரத்துக்கு அங்கே சுபம். 1990-ல் எடுத்த 'தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்' தீப்பெட்டி ஆலைப் பெண்ணின் கதை. சிவகாசியைத் தெரிந்தவர்களுக்கு சப்-டைட்டில்கூடத் தேவைப்படாது.

மொழியும் அப்படி ஒன்றும் அந்நியமாக இல்லை. தமிழுக்கும் ஃபின்னிஷுக்கும் சொந்தம் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் குறில், நெடில், ஒற்று மாறினால் அங்கேயும் அர்த்தம் மாறும். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்குப் பதினைந்து. பழைய பாட்டுகளில் மோனை கொட்டிக் கிடக்கிறது.

சானா மட்டும் எனக்கு ஒட்டவில்லை. சூடான அறையில் வேர்க்க விறுவிறுக்க உட்காருவது. 56 லட்சம் ஜனத்துக்கு 30 லட்சத்துக்கும் மேல் சானா இருக்கிறதாம். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நின்று பார்க்கட்டும். இலவசம்!

சிரிப்பெல்லாம் சரி. ஒரு விஷயம் மட்டும் சிரிக்க விடாமல் பண்ணிவிட்டது.

கலேவலாவைத் தனியாக உட்கார்ந்து இயற்றிய கவிச்சக்கரவர்த்தி யாரும் கிடையாது. எலியாஸ் லொன்ரோத் என்ற கிராமத்து டாக்டர் காடு மேடெல்லாம் அலைந்து, குடியானவர்கள் வாயிலிருந்து பாட்டுகளைக் கேட்டு எழுதினார். 1834-ல் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற கிழவர் மூன்று நாளில் 4,000 வரிக்கு மேல் பாடினார். அதையெல்லாம் கோத்து 1835-ல் முதல் பதிப்பும், 1849-ல் பெரிய பதிப்பும் வந்தன. அப்போது ஃபின்லாந்து ரஷ்ய ஜாரின் பிடியில் இருந்தது. 'நமக்கென்று ஒரு மொழி, ஒரு கதை இருக்கிறது' என்ற தெம்பைக் கொடுத்தவை அந்தப் பாட்டுகள். 1917-ல் நாடு விடுதலை பெற்றது. ஓலைச்சுவடிக்காக ஊர் ஊராக அலைந்த நம் உ.வே.சா. ஞாபகம் வருகிறதா? அவர் தேடியது ஏட்டில் இருந்ததை. லொன்ரோத் தேடியது நாக்கில் இருந்ததை.

எங்கள் ஊரில் குடவோலைத் தேர்தல் விதிகளைப் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதனால்தான் 1,100 வருஷம் கழித்தும் பெருமை பேசுகிறோம். அதே ஊர் வயலில் பெண்கள் பாடிய நடவுப் பாட்டை எந்தக் கல்லில் வெட்டினார்கள்? இப்போது நடவுக்கு மெஷின் வந்தாச்சு. மெஷினுக்குப் பாட்டு தெரியாது.

போன வாரம் எங்கள் தெருப் பாட்டி ஒருத்தியிடம் போனை நீட்டி, "ஒரு நடவுப் பாட்டு பாடு ஆயா" என்றேன். "போடா, வேற வேலையில்ல? வெக்கமா இருக்கு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவள், ஆரம்பித்தபின் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பாள். உங்கள் போனிலும் ரெக்கார்டர் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ப்ரோகிராம் சார்?