ஆகஸ்டில் பிறக்கும் தாழ்வுகள்

"வடமேற்கு வங்கக் கடலில் புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது." ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இப்படி ஒரு செய்தி வந்தால் நம்மில் பலர் அதைக் காதில் வாங்குவதில்லை. அது ஒடிசாக்காரர்கள் கவலைப்பட வேண்டியது, நம் மழை ஐப்பசியில்தானே என்று இருந்துவிடுகிறோம். ஆனால் மத்திய இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுவருபவை இந்தத் தாழ்வுகள்தான். காவிரி நீரை நம்பியிருக்கும் நமக்கும் அவற்றில் பங்கு உண்டு.

அவற்றில் பல, வங்கக் கடலில் புதிதாகத் தோன்றுபவை அல்ல. தென் சீனக் கடலில் புயலாகச் சுழன்று, வியட்நாமில் கரையேறி வலுவிழந்த ஒன்று லாவோஸ், தாய்லாந்து, மியான்மர் மலைகளைத் தாண்டி மேற்கே வரும். அதற்குள் காற்றின் வேகம் போய், மழை போய், வெறும் மேலடுக்குச் சுழற்சியாக அது மிஞ்சியிருக்கும். வங்கக் கடலின் வடகோடியை எட்டியதும் அதற்கு மறுபடி உயிர் வருகிறது.

அந்த வடகோடிக்கு அப்படி என்ன சிறப்பு? பருவமழைக் காலத்தில் ராஜஸ்தானின் கங்காநகரிலிருந்து கங்கைச் சமவெளி வழியாக அந்தக் கடல்வரை அழுத்தம் குறைந்த ஒரு நீண்ட பள்ளம் கிடக்கிறது. அதற்குத் தெற்கே மேலைக் காற்று, வடக்கே கீழைக் காற்று. எதிரெதிராக ஓடும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள காற்று ஏற்கெனவே இடஞ்சுழியாகத் திரும்பக் காத்திருக்கிறது. கீழே கடலும் நன்றாகச் சூடேறியிருக்கிறது. வந்து சேர்ந்த சுழற்சி ஈரக்காற்றைத் தன்பக்கம் இழுக்க, அது மேலெழுந்து மேகமாகிறது. நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் காற்றை மேலும் எழுப்ப, கடல்மட்டத்தில் அழுத்தம் இன்னும் இறங்குகிறது. மேலும் ஈரக்காற்று உள்ளே வருகிறது. சுழற்காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.யைத் தொட்டால் வானிலைத் துறை அதைத் தாழ்வு மண்டலம் என்கிறது. 50 கி.மீ.யில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 கி.மீ.யில் புயல்.

ஆனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் அது புயலாவது அரிது. காரணம் மேலே இருக்கிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் விளக்கிய கீழைத் தாரைக்காற்று, சென்னையின் அட்சரேகையை ஒட்டி, சுமார் 15 கி.மீ. உயரத்தில், மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் மேற்கு நோக்கி ஓடுகிறது. தரையை ஒட்டியோ காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. அடியும் நுனியும் எதிர்த்திசைகளில் இழுபடும்போது, புயலுக்கு வேண்டிய வெப்பம் மையத்தின்மேல் நேராகக் குவிய முடிவதில்லை. அக்டோபருக்குள் அந்தத் தாரை விலகிவிடுகிறது. அதன்பின் அதே கடல் நமக்குப் புயல்களை அனுப்புகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, மழை பெய்யும் இடம். புயல் என்றால் மையத்தைச் சுற்றி மழை கொட்டும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பருவமழைத் தாழ்வு மண்டலத்திலோ மையத்துக்குத் தென்மேற்கில்தான் கனமழை. பி. ஆர். பிஷாரடியும் ஜி. சி. அஸ்னானியும் 1957இல் மழைப் பதிவுகளை ஆராய்ந்து இதைக் காட்டினார்கள். கோடைக்குப் பின் நிலப்பரப்பு உள்ள வடக்கே வெப்பமும் ஈரமும் அதிகம், கடல்பக்கம் குறைவு. இடஞ்சுழியாகச் சுற்றும் காற்று மையத்தின் மேற்குப் பக்கத்தில் வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. அந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று, தெற்கே உள்ள குளிர்ந்த காற்றின்மேல் சரிந்து ஏறி மழையாகிறது. மழை பெய்யும் பக்கத்தில் புதிய சுழற்சி உருவாவதால் மொத்த அமைப்பும் மேற்கு, வடமேற்காக நகர்கிறது, அதுவும் கீழ்க்காற்றை எதிர்த்தே! இந்த வளர்ச்சியில் ஈரத்தின் பங்கு எவ்வளவு, காற்றோட்டத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்றும் நடக்கிறது.

கரையேறியபின் புயல் சீக்கிரம் சாகும். இந்தத் தாழ்வுகளோ நாட்கணக்கில் நடக்கின்றன. நனைந்த மண்ணும் நீர் நின்ற வயல்களும் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் வழியெங்கும் ஈரம் கொடுக்கின்றன. சில சமயம் பாலைவனம்வரை போய்விடுகின்றன. ஆண்டு முழுதும் 30 செ.மீ. மழைகூடக் காணாத ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் 2006 ஆகஸ்டில் கவாஸ் கிராமம் வெள்ளத்தில் மூழ்கியது.

நமக்கு வரும் பங்கு மறைமுகமானது. ஒடிசா கரையில் சுழலும் தாழ்வு, தன் தெற்குப் பக்கத்தில் மேலைக் காற்றை வலுவாக்குகிறது. அரபிக் கடலின் ஈரத்தோடு அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோத, குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டும். காவிரியும் கபினியும் பெருகி, சில நாட்களில் மேட்டூருக்கு நீர்வரத்து ஏறும். 2018 ஆகஸ்ட் நடுவில் கேரளத்தை மூழ்கடித்த மழையின்போது ஒடிசா கரையோரம் ஒரு தாழ்வு மண்டலம் இருந்தது. அதே நாட்களில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. பெருவெள்ளத்தில் வீடிழந்தவர்களை நினைக்கும்போது அந்த நிறைவைக் கொண்டாட மனம் வராது. எனினும் இரண்டுக்கும் மூலம் ஒன்று.

இந்தத் தாழ்வுகள் வராவிட்டால் என்னாகும் என்பதை 2002 காட்டியது. அந்தத் தென்மேற்குப் பருவத்தில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம்கூட உருவாகவில்லை. நாட்டின் ஜூலை மழை வழக்கத்தில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. பருவம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 19 சதவீதம். காவிரிப் படுகையில் குறுவை பொய்த்தது. தமிழ்நாடும் கர்நாடகமும் தண்ணீருக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றன.