லோரியின் எடை கணினிக்குள் போகும் வழி

பேராக்கில் பால்மரம் நின்ற நிலங்களில் பெரும்பகுதி இன்று செம்பனைக் காடு. தெலுக் இந்தான் வட்டாரத்தில் 1906-இல் ரப்பர்த் தோட்டமாகத் தொடங்கிய ஜெண்டராட்டாவிலும் இப்போது செம்பனையே பிரதானம். அன்று பாலை நிறுத்துக் கணக்கெழுதியவர் கிராணி. இன்று ஆலை வாசலில் பழக்குலை லோரி எடைமேடையில் ஏறி நின்றதும், கணக்கைப் பதிவது கணினி.

மேடைக்கு அடியில் இருப்பவை லோட் செல்கள். பாரம் அழுத்தும்போது அவற்றின் எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதிலிருந்து வரும் மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை இண்டிகேட்டர் என்ற பெட்டி கிலோவாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது.

அனுப்பும் பாதை பெரும்பாலும் ஆர்எஸ்-232 என்ற கம்பி இணைப்பு முறை. 1960-இல் வந்த இந்த முறைக்குத் தொழிற்சாலைக் கணினிகள் இன்றும் இடம் தருகின்றன; எடைமேடைகள் பல ஆண்டுகள் உழைப்பதே காரணம். கணினியின் ஒன்பது பின் இணைப்பில் 2 வாங்கும், 3 அனுப்பும், 5 பொதுக் கம்பி. இரு பக்கமும் ஒரே பின்னில் அனுப்பினால் திரையில் எதுவும் வராது. 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கட்டிய குறுக்குக் கேபிள் போட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது வேகம். யூஎஸ்பி கருவி செருகியதும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். இந்தப் பழைய இணைப்புக்கு அந்த வசதி இல்லை. வேகம் 9600, தரவு பிட் 8, பாரிட்டி இல்லை, நிறுத்த பிட் 1 என்று இண்டிகேட்டரில் இருந்தால் கணினியிலும் அப்படியே இருக்க வேண்டும். வேகம் மாறினால் எண்களுக்குப் பதில் பொருளற்ற குறிகள் கொட்டும்.

எண் தெளிவாக வந்தாலும் வேலை முடிவதில்லை. பல இண்டிகேட்டர்கள் எடைக்கு முன்னால் ‘எஸ்டி’ அல்லது ‘யூஎஸ்’ என்று ஒரு குறி அனுப்புகின்றன. முன்னது எடை நிலைத்துவிட்டது என்பது. பின்னது லோரி இன்னும் ஆடுகிறது என்பது. மென்பொருள் ‘எஸ்டி’ வந்த எடையை மட்டுமே பதிய வேண்டும். குலை கொண்டுவந்த சிறுதோட்டக்காரருக்குப் பாரத்தோடு நிறுத்த எடையில் வெற்று லோரியின் எடை போக மிஞ்சுவதற்குத்தான் பணம். அவசரத்தில் பதிந்த ஒரு ‘யூஎஸ்’ எடை அவருடைய உழைப்பைத் தின்றுவிடும்.

ஆர்எஸ்-232-க்கு ஏறத்தாழ 15 மீட்டர் கேபிள்தான் பாதுகாப்பான நீளம். அலுவலகம் தள்ளி இருந்தால் 1,200 மீட்டர் வரை போகும் ஆர்எஸ்-485 பொருத்தம். பேராக்கின் மாலை நேர இடிமழையில் நீண்ட கம்பி வழியே மின்னெழுச்சி உள்ளே வரலாம். தகவலை ஒளியாக மாற்றிக் கடத்தும் ஐசொலேட்டரை இடையில் வைத்தால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். ஆர்எஸ்-232 கேபிளைக் கணினியின் யூஎஸ்பி துளையில் இணைக்கும் மாற்றியைப் பயன்படுத்துவோர் அதை வேறு துளையில் செருகினால், கணினி அந்த இணைப்புக்குத் தந்த ‘காம் 3’ என்ற எண் ‘காம் 5’ ஆகிவிடக்கூடும். மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்திருக்கும்.

பொருத்தி முடித்ததும் ஒரு லோரியை ஏற்றி நிறுத்தி, இண்டிகேட்டர், கணினித் திரை, அச்சிட்ட சீட்டு மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் பாரத்தை எடுக்க வேண்டும்.